அதிர்ச்சி அலையில் ஆற்றல் தொலையவில்லை என்றால், தொலைவது எது?

கேள்வி: குழாயில் அதிர்ச்சி அலையை (அழுத்தமும் வெப்பநிலையும் திடீரென எகிறும் மெல்லிய தளம்) கடக்கும் வாயு, வெளியிலிருந்து வெப்பம் வாங்காமலே சூடாகிறது. ஆற்றலும் குறைவதில்லை. பிறகு ஏன் அதை ‘இழப்பு’ என்கிறார்கள்?

கல்லூரியில் நான் சறுக்கிய இடம் இதுதான். அலைக்கு இருபுறமும் என்ட்ரோபி (ஆற்றல் வேலைக்கு உதவாதபடி எவ்வளவு சிதறியது என்பதன் அளவு) ஒன்றே என்று வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் கணக்குப் போட்டிருந்தேன். தாளைத் திருப்பித் தந்த பேராசிரியர், “1860இல் கணிதமேதை ரீமானும் இப்படித்தான் எழுதினார். அவர் தாள் திருத்த என்னிடம் வரவில்லை, உன்னுடையது வந்துவிட்டது” என்றார். ஆற்றல் கணக்கைச் சரியாகச் சேர்த்து அதை நேராக்கியவர்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ராங்கினும் யூகோனியோவும்.

எண்களோடு பார்த்தால் விளங்கும். 300 கெல்வின் காற்று குழாயில் மாக் 2 வேகத்தில் (ஒலியைப் போல இரு மடங்கு), அதாவது நொடிக்குச் சுமார் 694 மீட்டரில் வருகிறது. எதிரே செங்குத்தாக ஓர் அதிர்ச்சி அலை நிற்கிறது. கடந்த மறுகணம் வேகம் 260 மீட்டர், அழுத்தம் 4.5 மடங்கு, வெப்பநிலை 506 கெல்வின். கூடிய 206 டிகிரியும் காற்றின் ஓட்டத்திலிருந்து வந்ததுதான். வெப்பம் வெளியேறாமல் காற்றை நிறுத்திப் பார்த்தால் அலைக்கு முன்னும் 540 கெல்வின், பின்னும் 540.

இப்போது அதே காற்றை வெப்பம் கசியாத உருளையில் பிஸ்டனால் மெதுவாக, உராய்வின்றி 4.5 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோங்கள். 461 கெல்வின்தான் வரும். அலை 45 டிகிரி கூடுதலாகச் சூடாக்கியிருக்கிறது. அந்த 45 டிகிரிதான் குற்றவாளி. அதன் இன்னொரு பெயர் என்ட்ரோபி: கிலோவுக்கு, கெல்வினுக்குச் சுமார் 94 ஜூல். விளைவு, தேக்க அழுத்தத்தில் (ஓடும் காற்றை இழப்பின்றி நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம்) 28 சதவீதம் போய்விட்டது. ஆற்றல் பத்திரமாக இருக்கிறது. அதைக்கொண்டு வேலை வாங்கும் வசதிதான் குறைந்துவிட்டது.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறு. இந்த என்ட்ரோபி பிறப்பது மைக்ரானுக்கும் குறைவான தடிமனில், பாகுநிலையாலும் (வாயுவின் உள் உராய்வு) வெப்பக் கடத்தலாலும். ஆனால் எவ்வளவு பிறக்கும் என்பதில் பாகுநிலைக்குப் பேச்சே இல்லை! அது 94ஆகத்தான் இருக்கும். பாகுநிலை கூடினால் அலை கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். தொகையை வரும் வேகமே முடிவு செய்துவிடுகிறது. இதே அலையைத் திருப்பிப் போட்டு, மெதுவாக வரும் காற்று திடீரென விரிந்து மாக் 2 ஆவதாகக் கணக்குப் போட்டாலும் நிறை, உந்தம், ஆற்றல் மூன்றும் சரியாக வரும். என்ட்ரோபி மட்டும் குறையும். அதனால்தான் அப்படியொரு அலை காற்றில் நிற்பதில்லை.

இழப்பு வேகத்தோடு சீராக ஏறுவதும் இல்லை. மாக் 1.1இல் தேக்க அழுத்த இழப்பு வெறும் 0.1 சதவீதம். விரியும் நாசிலில் (குறுகிய கழுத்துக்குப் பின் அகன்று, ஓட்டம் ஒலியை மிஞ்சும் குழாய்) வெளி அழுத்தத்தைக் கூட்டினால் அலை கழுத்தை நோக்கி நகர்வது உண்டல்லவா? அங்கே மாக் எண் குறைவு, இழப்பும் குறைவு. வெளி அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க எவ்வளவு இழக்க வேண்டுமோ, சரியாக அவ்வளவு இழக்கும் இடத்தில் அலை போய் நின்றுகொள்கிறது.