ஓசிடி எண்ணத்தை டாக்டரிடம் எப்படிச் சொல்வது: கேள்வி பதில்

கேள்வி: மேடம், குழந்தைக்கு ரெண்டு மாசம். குளிப்பாட்டும்போது தண்ணிக்குள்ள அழுத்திடுவேனோன்னு கண்ணு முன்னாடி படமா வருது. டாக்டர்கிட்ட சொன்னா பிள்ளையைப் பிரிச்சிடுவாங்களா?

பதில்: ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் மனநோய்க்கு, பிள்ளையைப் பிரிப்பது வைத்தியமே இல்லைம்மா. ஆனால் வார்த்தையில் கவனம் வேண்டும். "அழுத்தணும்னு தோணுது" என்றால் ஆசை என்று காதில் விழும். "யாரோ சொல்ற மாதிரி இருக்கு" என்றால் குரல் கேட்கிறது என்று எழுதிவிடுவார்கள்; மருந்தே மாறிப்போகும். "என் மனசுல ஓடுறதுதான், எனக்குப் பிடிக்கல, செஞ்சிடுவேனோன்னு பயமா இருக்கு" என்று சொல்லுங்கள்.

ஓபியில் கிடைப்பது சில நிமிடம்தான். அதனால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன எண்ணம், ஒரு நாளில் எவ்வளவு நேரம், வந்ததும் என்ன செய்கிறீர்கள், எதையெல்லாம் நிறுத்திவிட்டீர்கள். "பத்து நாளா மாமியார்தான் குளிப்பாட்டுறாங்க" என்ற ஒரு வரி டாக்டருக்கு நிறையச் சொல்லும். வாய் வரவில்லையென்றால் தாளை நீட்டினால் போதும்.

ஒன்று மட்டும் வேறு: அந்த எண்ணம் சரிதான் என்று பட ஆரம்பித்தால், குரல் கட்டளையிட்டால், தூக்கமே இல்லாமல் குழம்பினால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: சாமி படத்தைப் பார்த்தா அசிங்கமா வருது. "கெட்ட எண்ணம்"னு மட்டும் சொன்னா போதாதா?

பதில்: போதாது. மன அழுத்தம் என்று முடிவு கட்டிவிட வாய்ப்புண்டு. ஓசிடியை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும், 1989-இல் வந்த யேல்-பிரவுன் அளவுகோலின் பட்டியலில் தெய்வநிந்தனை, பாலியல், வன்முறை எண்ணங்கள் எல்லாம் அச்சிலேயே இருக்கின்றன. "அந்தப் பட்டியலை வெச்சுக் கேளுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

கேள்வி: வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா?

பதில்: 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கிறது. ஆபத்தைத் தடுப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லும்படி முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: மாத்திரை எத்தனை மில்லிகிராம்?

பதில்: உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நான் செய்யவே மாட்டேன்னு உறுதியா ஒரு தடவை சொல்லுங்க மேடம்.

பதில்: நீங்கள் கேட்பது இது மூன்றாவது தடவை. சொல்லப்போவதில்லை.

இன்னொருவர்: ஒரு ஆறுதல் வார்த்தையில என்ன குறைஞ்சிடும்? தவிக்கிறவங்ககிட்ட இப்படியா?

பதில்: நியாயமான கோபம். ஆனால் தகவல் வேறு, உறுதிமொழி வேறு. ஓசிடி இல்லாத பெரும்பாலோருக்கும் இப்படி எண்ணங்கள் வருவதை 1978-இல் உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் காட்டினார்கள். இது தகவல், ஒருமுறை தெரிந்தால் போதும். உறுதிமொழி, ஓசிடி உள்ளவர் திரும்பத் திரும்பக் கை கழுவுவது போல. பத்து நிமிடம் நிம்மதி, பிறகு "டாக்டர் சரியா கேட்டாரா?" என்று அடுத்த சந்தேகம்.

அவரே: அப்ப அந்தப் பத்து நிமிஷமும் கிடைக்கக் கூடாதா?

பதில்: அந்த நிம்மதிதான் அடுத்த கேள்வியைக் கூட்டிவருகிறது. ஈஆர்பி என்ற ஓசிடிக்கான பேச்சு, பயிற்சி சிகிச்சையில் பதில் கிடைக்காமலே பதற்றம் இறங்குவதைப் பழகுகிறார்கள். அதனால் டாக்டரிடமும் சொல்லிவையுங்கள்: "நான் திரும்பத் திரும்ப உறுதி கேப்பேன், கேட்டா நிறுத்துங்க."

கேள்வி: டாக்டர் "அதை நினைக்காதீங்க"ன்னு அனுப்பிட்டார்.

பதில்: "ஈஆர்பி தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புவீங்களா?" என்று கேளுங்கள். வழி கிடைக்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அங்கேயும் "தோணுது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.