வாயிலைத் திறந்தவன்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எனக்கு 31 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு கணினி விளையாட்டைப் பற்றிக் கேட்பதற்கு மன்னிக்கவும். 2011இல் ‘ஸ்கைரிம்’ வந்தபோது ஆடினேன், இப்போது மறுபடி ஆடுகிறேன். அந்த ராஜ்யத்தில் உள்நாட்டுப் போர். உல்ஃப்ரிக் என்ற பிரபு, பெருமன்னன் டோரிக்கைக் கொன்றுவிட்டு விடுதலைக் கொடி தூக்குகிறான். எதிரே பேரரசின் படை. நான் எப்போதும் உல்ஃப்ரிக் பக்கம். தேசிய சேவையில் என்னோடு இருந்த நண்பன் பேரரசின் பக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் சண்டை. யார் பக்கம் நியாயம் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. இப்படி ஒரு கற்பனை ராஜ்யத்தை வைத்துத் தமிழில் நாவல் எழுத ஆசை. நம் ஊரில் அதற்குச் சரக்கு இல்லை. மீன்பிடி கிராமமாக இருந்து நேரே துறைமுகமாகிவிட்டோம். அரியணையும் இல்லை, சதியும் இல்லை. அந்த விளையாட்டில் சாலிட்யூட் நகருக்குள் முதல் தடவை நுழைந்ததுமே, வாயிலைத் திறந்துவிட்ட துரோகி ஒருவனின் தலையை வெட்டுவார்கள். அந்த மாதிரி வேகமான தொடக்கம் வைக்கலாம் என்று இருக்கிறேன். தமிழ் வாசகர்கள் ஏற்பார்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

அவன் பெயர் ராக்விர். மன்னனுக்குப் பெயர் எழுதியிருக்கிறீர்கள், மன்னனைக் கொன்றவனுக்கும் எழுதியிருக்கிறீர்கள். இவன் மட்டும் ‘துரோகி ஒருவன்’. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் ஃபோர்ட் கேனிங் குன்றில் நடப்பது என் வழக்கம். 1861இல் கட்டி முடித்த அந்தக் கோட்டை போய்விட்டது, கோட்டைவாசல் மட்டும் கனத்த கதவோடு நிற்கிறது. கொஞ்ச நாளாக அதைத் தாண்டும்போதெல்லாம் கதவுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றியே யோசனை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். என் மகன் பள்ளி விடுமுறையில் ஆடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பேன். நகரத்தின் கதவு திறக்கிறது. மேடையில் ஒருவன் நிற்கிறான், கீழே கூட்டம் கத்துகிறது. மன்னனைக் கொன்ற உல்ஃப்ரிக் தப்பிக்க வாயிலைத் திறந்துவிட்டாய் என்று குற்றம் வாசிக்கிறார்கள். அது கொலையில்லை, சவால் விட்டு முறையாக நடந்த சண்டை, நம் முன்னோர் வழக்கம் அது என்கிறான் அவன். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள், ஸ்வாரி. மாமா ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சுகிறாள். அவர் அந்த ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவர். வீட்டுக்குப் போ, அம்மா வரும்வரை வெளியே வராதே என்கிறார். ராக்விர் அந்த அம்மாவின் உடன்பிறந்தவன். தாய்மாமன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடாரி இறங்குகிறது. என் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே இருந்தது. மகன் அதற்குள் கடையைத் தேடிப் போய்விட்டான்.

உல்ஃப்ரிக்கா பேரரசா என்று கேட்டிருந்தீர்கள். அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இரு தரப்புக்கும் எதிரியான தால்மோர் என்ற அயல் ஆட்சியின் தூதரகத்துக்குள் புகுந்து, உல்ஃப்ரிக்கைப் பற்றிய கோப்பை எடுத்துப் படித்திருப்பீர்கள். அவர்களுக்கு வேண்டியது சண்டை ஓயாமல் நடப்பது. உல்ஃப்ரிக் ஜெயித்துவிடக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. படித்த பிறகும் நண்பனோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றீர்களா? போன் பண்ணி சமாதானமாகுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உல்ஃப்ரிக்கின் ஊரில் ஆர்கோனியர்கள் என்ற பல்லி இனத்தார் மதிலுக்குள் குடியிருக்க முடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி அங்கேயே கிடக்கிறார்கள். நம்மில் பாதிப்பேர் துறைமுகக் கூலிகளின் பேரப்பிள்ளைகள். அந்த ஊரின் விடுதலைக்குக் கொடி பிடிக்கும் முன் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இனி மீன்பிடி கிராமம். இதைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கப் போவதில்லை. 31 வயது, படித்த பிள்ளை, தோபி காட் எம்ஆர்டியில் எத்தனை முறை இறங்கியிருப்பீர்கள்? பின்னால் இருக்கும் அந்த ஃபோர்ட் கேனிங் குன்றில் 1928இல் நீர்த்தேக்கத்துக்காக மண் வெட்டியபோது தங்கத் தோள்வளையும் மோதிரங்களும் கிடைத்தன. 1984இல் அகழாய்வு செய்தார்கள், 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் வந்தன. மீன் பிடிக்கிறவன் தங்கத் தோள்வளை போட்டுக்கொண்டா வலை வீசினான்?

அரியணைச் சண்டை இல்லையாம். ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1819இல் இங்கே காலூன்றியதே அரியணைச் சண்டையைப் பிடித்துக்கொண்டுதான். ஜொகூர் சுல்தான் மஹ்மூத் வாரிசை உறுதி செய்யாமல் இறந்துவிட்டார். ரியாவில் பூகிஸ் இனத் தரப்பு இளைய மகனை உட்கார வைத்தது. ராஃபிள்ஸ் மூத்தவர் ஹுசைனை இங்கே வரவழைத்து, இவரே சுல்தான் என்று சொல்லி, பிப்ரவரி 6ஆம் தேதி கையெழுத்து வாங்கினார். சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங்குக்கு 3,000. டச்சுக்காரர்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அரசுச் சின்னங்கள் இல்லாமல் முடிசூட்ட முடியாது. அவை பென்யெங்காட் தீவில், இறந்த சுல்தானின் மனைவி எங்கூ புத்ரி ஹமீதாவிடம் இருந்தன. அந்த அம்மா கொடுக்க மறுத்தார். 1822இல் டச்சுக்காரர்கள் பலவந்தமாக எடுத்துக்கொண்டு போனார்கள். 1824இல் இரண்டு வெள்ளைக்கார அரசுகளும் லண்டனில் உட்கார்ந்து ராஜ்யத்தை நடுவில் கோடு கிழித்துப் பிரித்துக்கொண்டன. தால்மோரைத் தேடி நீங்கள் ஸ்கைரிமுக்குப் போக வேண்டியதே இல்லை.

சரி, இதெல்லாம் பிந்திய கதை. நான் சொல்ல வந்தது அதற்கு 400 ஆண்டுகளுக்கும் முன்னால், இதே குன்றின் அடியில் வாயிலைத் திறந்தவனைப் பற்றி.

சங் ராஜுன தாபா. சிங்கப்பூரின் கடைசி மன்னன் இஸ்கந்தர் ஷாவுக்குப் பண்டாரப் பொறுப்பாளன். பழைய மலாய் நூலான செஜாரா மெலாயு சொல்லும் கதை இது. அவன் மகள் அரண்மனையில் மன்னனின் ஆசைநாயகிகளில் ஒருத்தி. மற்றவர்கள் அவள் மேல் பழி சொல்கிறார்கள். மன்னன் விசாரிக்கவில்லை, சந்தை முனையில் அவளைக் கழுவேற்றி எல்லோரும் பார்க்க வைக்கிறான். அப்போது அந்தத் தகப்பன் சொல்வதைக் கவனியுங்கள். என் மகள் தப்பு செய்திருந்தால் கொன்றிருக்கலாமே, ஏன் இப்படி மானத்தை வாங்க வேண்டும் என்கிறான். கொன்றதைக்கூட அவன் கேட்கவில்லை தம்பி. ஜாவாவின் மஜாபாகித் பேரரசுக்கு ஓலை போகிறது. கப்பல்கள் வருகின்றன. மன்னன் படைக்கு அரிசி கேட்டால், களஞ்சியத்தில் இல்லை என்கிறான். விடியற்காலையில் கோட்டைவாயிலைத் திறந்துவிடுகிறான். ஊர் அழிகிறது. அவன் வீடு சரிகிறது, அரிசி மண்ணாகிறது, அவனும் மனைவியும் அகழியில் கல்லாகிறார்கள்.

அதே நூலில் முன்னால் ஓர் ஒப்பந்தம் வருகிறது, அதோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். சிங்கப்பூரை நிறுவிய ஸ்ரீ திரி புவனாவுக்கு (அவர் வம்சத்தை நம் சோழன் வரை கொண்டுபோகிறது அந்த நூல், அது தனிக் கட்டுரை) சுமத்ராவில் உள்ள பாலெம்பாங்கின் தலைவர் தெமாங் லேபார் டாவுன் பெண் கொடுக்கிறார். அப்போது அவர் கேட்கும் உறுதிமொழி இது: குடிமக்கள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அவர்களை அவமானப்படுத்தக் கூடாது, இழிசொல் சொல்லக் கூடாது, சாகத்தக்க குற்றம் என்றால் கொன்றுவிடலாம். பதிலுக்குக் குடிகள் ஒருநாளும் டெர்ஹாகா செய்ய மாட்டார்கள், மன்னன் கொடியவனாக இருந்தாலும். எந்த மன்னன் குடிமகனை அவமானப்படுத்துகிறானோ அவன் நாடு அழியும் என்பதற்கு அதுவே அறிகுறி என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

டெர்ஹாகா என்ற மலாய்ச் சொல்லும் நம் துரோகமும் ஒரே சமஸ்கிருத வேரில் வந்தவை. நீங்கள் அலட்சியமாக எழுதிய ‘துரோகி’யைத்தான் சொல்கிறேன். மலாய்க்காரர்கள் அந்தச் சொல்லைத் தனியாக விடவில்லை, எதிர்ப்பக்கத்தில் மன்னனின் கடமையையும் கட்டி வைத்தார்கள். ராஜுன தாபா கல்லானான், ஆனால் அவனைக் கல்லாக்கிய அதே கதை, ஒப்பந்தத்தை முதலில் மீறியது யார் என்பதையும் மறைக்கவில்லை. அரசவை வரலாறு அது. இருந்தும் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியர் டோமே பிரேஸ் வேறு மாதிரி எழுதினார். பாலெம்பாங்கிலிருந்து தப்பி வந்த பரமேஸ்வரா, தனக்கு இடம் கொடுத்த சிங்கப்பூர்த் தலைவனைச் சில நாளிலேயே கொன்று ஊரைப் பிடித்தாராம். கொலையா, முறையான சண்டையா என்ற கேள்வியெல்லாம் சாலிட்யூட் மேடையில் மட்டும் இல்லை.

மன்னர்கள் போகட்டும். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா ஜாகா, வாசல் காவலாளி. 1974இல் நாங்கள் ரெட்ஹில்லில் இருந்தோம். அலெக்ஸாண்ட்ரா சாலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாசல் வேலை. பள்ளி விடுமுறையில் மதியச் சாப்பாட்டை நான்தான் தூக்குச்சட்டியில் கொண்டுபோவேன். ஒருநாள் மத்தியானம் மழை. அன்று காலை வேலையைவிட்டு நிறுத்தப்பட்ட ஒரு மலாய்க்காரர் வெளியே நனைந்துகொண்டு நின்றார். உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. அவர் பெட்டியில் அவருடைய செருப்பும், மகனுக்கு வாங்கி வைத்திருந்த பாடப்புத்தகமும் இருந்தன. அதை எடுத்துக்கொள்கிறேன் பாய், பத்தே நிமிஷம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பெரிய கதவில் இருந்த திட்டிவாசலைத் திறந்தார். அவர் போனார், எடுத்தார், வந்தார். அவ்வளவுதான்.

மறுநாளும் சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரம், ஆட்களெல்லாம் வெளியே வந்திருந்தார்கள். மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டு, கதவென்றால் என்னவென்று உனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள் என்றார். திற. மூடு. திற. மூடு. எல்லோரும் பார்க்க இருபது தடவை. அது சக்கரத்தில் உருளும் கதவு, தண்டவாளத்தில் மண் சேர்ந்து கிடந்தது; ஒவ்வொரு தடவையும் தோளைக் கொடுத்துத்தான் தள்ள வேண்டும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது தடவை அப்பாவின் தொப்பி விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியும், கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. “வேலைய விட்டு நிறுத்திருந்தா பேசாம வந்திருப்பேன். அதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. இப்படிப் பண்ணிருக்க வேணாம்.”

செஜாரா மெலாயுவை நான் முதலில் வாசித்தது முப்பது வயதுக்கு மேல். ராஜுன தாபா பேசும் இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்பாவின் குரல். அப்பா அரசியல் பேசியவரில்லை. ஓலை அனுப்ப அவருக்கு மஜாபாகித் எதுவும் இல்லை. அதே வாசலில் இன்னும் நாலு வருஷம் நின்றார், எங்களுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவை அவர் கையால் மூடி நான் பார்த்ததில்லை. கடைசியாக வருகிறவர் மூடட்டும் என்பார்.

நாவலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள், நீங்கள் எழுத வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. கற்பனை ராஜ்யமாகவே இருக்கட்டும். வாசகர்கள் ஏற்பார்களா என்பதை எழுதி முடித்த பிறகு கேளுங்கள். ஆனால் வேகத்துக்காக ஒருவன் தலையை வெட்டாதீர்கள். பாண்டியன் அரண்மனைக்குப் போன கண்ணகியே முதலில் கூப்பிட்டது வாயிற்காவலனைத்தான். உங்கள் வாயிற்காவலன் முந்தின நாள் என்ன சாப்பிட்டான், அக்கா மகளுக்கு என்ன வாங்கி வைத்திருந்தான், கதவைத் திறக்கும் முன் யாரைப் பார்த்தான், இது உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவனைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஒரு வேலை சொல்கிறேன். ராக்விரின் உடன்பிறந்தவள் கிரேட்டா அந்த ஊரில்தான் இருக்கிறாள். பேச்சுக் கொடுத்தால், அவன் உடலில் இருக்கும் டாலோஸ் என்ற தெய்வத்தின் தாயத்தை எடுத்துவர முடியுமா என்று கேட்பாள். அந்த வழிபாட்டுக்கே தடை, அவளால் போய்க் கேட்க முடியாது. 2011இலிருந்து ஆடுகிறீர்கள், அவளிடம் ஒரு தடவையாவது பேசியிருக்கிறீர்களா? இன்று இரவே போங்கள். பிணங்களை வைக்கும் கூடத்தில் அவன் கிடப்பான். எடுத்துக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.