கருக்குழாய் நுண் அறுவை: டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து 6 வருடம் ஆகிறது. வயது 33. குழாயைத் திரும்ப இணைக்க முடியுமா டாக்டர்?

பெரும்பாலும் முடியும். ஆனால் எப்படி அடைத்தார்கள் என்பது முக்கியம். கிளிப், வளையம் என்றால் சேதம் குறைவு. மின்சாரத்தால் சுட்டிருந்தால் நீளம் போயிருக்கும். இணைத்த பிறகு 4 செ.மீ.க்கு மேல் குழாய் மிஞ்சினால் வாய்ப்பு நன்றாக இருக்கும். குழாயின் குறுகிய பகுதியில் உள்வழி 1 மி.மீ. அளவுதான். அதனால் நுண்ணோக்கியில் பார்த்தபடி, முடியைவிட மெல்லிய 8-0 நூலால் தசை அடுக்கை முதலில், மேலுறையைப் பிறகு தைப்போம். திசு காய்ந்தால் பின்னால் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் வடுத்திசு வளரும், ஆகவே கடைசிவரை திரவம் விட்டு நனைத்தபடியே இருப்போம். பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடி எடுங்கள். கணவருக்கு விந்தணு பரிசோதனை முடிந்ததா?

கேள்வி: எக்ஸ்ரேயில் இரண்டு குழாயும் கருப்பை மூலையிலேயே அடைப்பு. ஆபரேஷனா?

அவசரப்படாதீர்கள். தசை இறுகினாலும் சளி அடைத்தாலும் படம் அப்படித்தான் வரும். கதீட்டர் என்ற மெல்லிய குழலை விட்டுப் பார்த்தாலே பலருக்குத் திறந்துவிடும்.

கேள்வி: கட்டுப்பாடு செய்து 9 வருடம், வயது 41. இணைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். கூடவே முட்டை இருப்புக்கான ஏஎம்எச் பரிசோதனையும்.

கேள்வி: ஐ.வி.எஃப். வந்த பிறகும் இந்தப் பழைய வைத்தியம் எதற்கு?

1978-இல் பிறந்த முதல் ஐ.வி.எஃப். குழந்தையின் தாய்க்கே குழாய் அடைப்புதான். முட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைப்பதால், குழாயை ஒதுக்கிவிட்டுப் போகும் வழி அது. குழாய் சரியானால் மாதாமாதம் இயற்கையாக முயலலாம், அடுத்த குழந்தைக்கு மறுபடி சிகிச்சை வேண்டியதில்லை. இளவயதில், கட்டிய குழாய்க்கு நான் கத்தியின் பக்கம்தான்.

கேள்வி: அப்படியானால் நீர் கோத்த குழாயையும் திறப்பீர்களா?

சுவர் தடித்து, உள் மயிரிழைகள் அழிந்திருந்தால் திறக்க மாட்டேன். வழி திறந்தாலும் முட்டையை நகர்த்த ஆள் இருக்காது. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து ஐ.வி.எஃப். வெற்றியையும் ஏறத்தாழ பாதியாக்கும். அந்தக் குழாயை எடுத்துவிட்டு ஐ.வி.எஃப். போவதே சரி.

கேள்வி: அப்போ ஐ.வி.எஃப். பற்றி நான் சொன்னதுதான் சரி!

நீர் கோத்த குழாய்க்கு மட்டும்.

கேள்வி: மாத்திரையால் அடைப்பு கரையுமா?

கரையாது.

கேள்வி: இணைத்த பிறகு இப்போது கர்ப்பம். ஒரு பக்கம் லேசான வலி.

இங்கே கேட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தைத்த குழாயிலேயே கரு தங்கியிருக்கலாம். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இன்றே வேண்டும்.

கேள்வி: எனக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார்.

தேதியைத் தள்ளிப் போடுங்கள்.