எண்ணுவதா, அளப்பதா: டீச்சரிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில் துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள் இவை. ஆங்கிலத்தில் ஒப்பிடுவது, அளவு சொல்வது, இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன்.

மகள் ஐந்தாம் ஆண்டு. 'மோர் ஹெவியர்' என்று எழுதியதைப் பள்ளியில் அடித்துவிட்டார்கள். 'மோர்' என்றால் அதிகம்தானே டீச்சர்?

நல்ல கேள்வி அம்மா. "அந்தக் குலையைவிட இந்தக் குலை கனம்" என்கிறோம். 'கனம்' மாறவே இல்லை. ஒப்பிடும் வேலையை 'விட' பார்த்துக்கொள்கிறது, அதுவும் எதிரே இருக்கிற குலையோடு ஒட்டிக்கொண்டு. மலாயிலும் 'பெராட்' அப்படியே இருக்கும், அதன் முன்னால் 'லெபே' வரும். ஆங்கிலத்தில் அந்தப் பண்புச்சொல்லே மாறும்: 'ஹெவி', 'ஹெவியர்'. பிள்ளை கடைசியில் 'அர்' என்ற வாலையும் சேர்த்தாள், மலாய்ப் பழக்கத்தில் முன்னாலும் ஒன்று வைத்தாள். 'ஹெவி' போன்ற குட்டைச் சொல்லுக்கு வால். 'எக்ஸ்பென்சிவ்', 'டிஃபிகல்ட்' போன்ற நீளச் சொல்லுக்கு முன்னால் 'மோர்'. மோர் வந்தால் வால் கூடாது.

தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்). ரிப்போர்ட்டில் 'ஃபியூ வொர்க்கர்ஸ் கேம்' என்று எழுதினேன். ஆள் பற்றாக்குறையா என்று மேனேஜர் கேட்டார். சிலர் வந்தார்கள் என்றுதானே எழுதினேன்?

'எ ஃபியூ' என்றால்தான் சிலர் வந்தார்கள். 'எ' இல்லாவிட்டால் வந்தவர்கள் சொற்பம், வேலைக்குப் போதவில்லை என்று பொருள். 'எ லிட்டில் வாட்டர்', 'லிட்டில் வாட்டர்' இரண்டுக்கும் இதே வேறுபாடு. ஆளையும் மரத்தையும் எண்ணலாம், அங்கே 'ஃபியூ', 'மெனி'. தண்ணீரையும் பாலையும் அளக்கத்தான் முடியும், அங்கே 'லிட்டில்', 'மச்'. தமிழில் 'நிறைய' எல்லாவற்றுக்கும் சரியாக வரும், அதனால்தான் தடுமாறுகிறோம்.

எஸ்.பி.எம். தேர்வுக்கு எந்தப் பயிற்சி நூல் வாங்கலாம்?

பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள்.

செம்பனை லோரி ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு லோடு 2 டன், இந்த மாதம் 6 டன். 'த்ரீ டைம்ஸ் மோர்' எழுதலாமா?

'த்ரீ டைம்ஸ் ஆஸ் மச்' என்று எழுதுங்கள் தம்பி.

இதைச் சொன்னதும் பின்வரிசையில் கணக்கு ஆசிரியர் எழுந்துவிட்டார். 'மோர்' என்றால் கூடுதல், 2-க்கு மேல் இன்னும் 6 கூடி 8 டன் ஆகவேண்டும் என்றார். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற கிராணி விடவில்லை: ஆங்கிலம் பேசுகிறவர்கள் அப்படிச் சொன்னால் 6-ஐத்தான் நினைக்கிறார்கள், நாமும் "மூன்று மடங்கு அதிகம்" என்று 6-க்குத்தானே சொல்கிறோம்? அரை மணி நேரம் இதிலேயே போனது. பேச்சு வழக்கைச் சரியாகச் சொன்னவர் கிராணி. ஆனால் கணக்கு ஆசிரியரைப் போல வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். டன்னுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று கூலி போகிற தாளில் இரண்டு பொருள் தரும் சொல்லை வைக்கவே கூடாது. விழுக்காட்டில் சொன்னால் 2 டன் 6 டன் ஆவது 200 விழுக்காடு கூடுதல், 300 அல்ல. இதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

'மோர் பெட்டர்' சரியா?

முதல் பதிலைப் பாருங்கள். அழுத்திச் சொல்ல 'மச் பெட்டர்'.

'மோர் சீப்பர்' என்று கடையில் எழுதியிருக்கிறதே?

கடையில் எழுதினாலும் தப்புதான். மோர் வந்தால் வால் கூடாது! மூன்றாவது முறை சொல்கிறேன்.

'லெஸ்', 'ஃபியூவர்' குழப்பம். 10 ரிங்கிட்டை எண்ணலாமே, ஏன் 'லெஸ் தேன் 10 ரிங்கிட்'?

பணம், தூரம், நேரம் எல்லாம் ஒரே மொத்தமாகக் கருதப்படும், அதனால் 'லெஸ்'. ஆள், மரம் என்றால் 'ஃபியூவர்'. இதை 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தம் விருப்பமாகத்தான் எழுதினார், பிறகு அது விதியானது. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக எண்ணக்கூடியவற்றுக்கும் 'லெஸ்' எழுதியிருக்கிறார்கள். தேர்வில் மட்டும் விதிப்படியே எழுதுங்கள்.

லோரிக்காரத் தம்பி மறுபடியும்: 'திஸ் மந்த்ஸ் லோட் வாஸ் த்ரீ டைம்ஸ் ஆஸ் ஹெவி ஆஸ் லாஸ்ட் மந்த்'. இப்போது சரியா?

கடைசிச் சொல்லை மட்டும் 'மந்த்ஸ்' என்று மாற்றுங்கள். இந்த மாத லோடை நீங்கள் போன மாதத்தோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். போன மாத லோடோடு ஒப்பிட வேண்டும்.