முதல் பிஸ்டல் வாங்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் சுடுவது), 25 மீட்டர் .22 பிஸ்டல் (சிறு தோட்டா வெடித்துச் சுடுவது). இவை இரண்டும்தான் நான் அறிந்தவை. அதற்குள் கேளுங்கள்.

புதியவன்: மூன்று மாதமாகப் பயிற்சிக்கூடத்தின் பிஸ்டலில் சுடுகிறேன். சொந்தமாக வாங்க ஆசை. எந்த நிறுவனம் சிறந்தது?

வாங்கிவிட்டுக் கேட்பவர்களே அதிகம். நீங்கள் மூன்று மாதம் சுட்டுவிட்டுக் கேட்கிறீர்கள், மகிழ்ச்சி.

ஸ்டையர், மோரினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பார்தினி: இவற்றின் போட்டி ஏர் பிஸ்டல் எதையும் அசையாமல் பிணைத்து வைத்துச் சுட்டால் பெல்லட்டுகள் (சிறு ஈயக் குண்டுகள்) ஏறக்குறைய ஒரே துளைக்குள் போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அதைத் தவறவிடுவது நம் கை. ஆகவே கைக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

குண்டில்லாத பிஸ்டலை, குழல் இலக்கு இருக்கும் திசையிலேயே இருக்க, வழக்கம்போல் பிடியுங்கள். கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, மூச்சு அடங்கியதும் திறந்து பாருங்கள். முன்குறி, பின்குறியின் பிளவுக்கு நடுவில் நிற்க வேண்டும். ஐந்து முறையும் ஒரே பக்கமாக விலகி நின்றால், மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்யாதீர்கள். கைப்பிடியின் கோணத்தை மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அது உங்கள் பிஸ்டல் அல்ல. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதை மரத்தில் உரசக் கூடாது. உரசினால் விசையை இழுக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து நகரும்.

எடை விதிப்படி 1500 கிராம் வரை போகலாம். தொடக்கத்தில் லேசானதே நல்லது. பின்னால் எடை கூட்டிக்கொள்ளலாம், குறைப்பதுதான் கடினம்.

சிக்கனக்காரர்: பழையது வாங்கலாமா?

தாராளமாக. ஆனால் காற்றடைத்த சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். உள்ளே 200 பார் அழுத்தம். பத்து ஆண்டு கடந்த சிலிண்டருக்குப் போட்டியில் அனுமதி இல்லை. அனுமதித்தாலும் என் முகத்துக்கு அருகே அதை வைத்துக்கொள்ள மாட்டேன். ரப்பர் வளையங்களை மாற்றலாம், குழலைத் துடைக்கலாம், தேதியை ஒன்றும் செய்ய முடியாது. சிலிண்டரே வேண்டாமென்றால் இஷ்-46எம் என்ற பிஸ்டலைப் போல நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றடைக்கும் வகை உண்டு. நல்ல பிஸ்டல். ஆனால் ஒரு போட்டிக்கு 60 முறை இழுத்த தோள் அன்று மாலை பேசும்.

இடக்கையர்: எனக்கு?

இடக்கைக் கைப்பிடி தனியாகக் கிடைக்கிறது. வலக்கைப் பிடியை அரத்தால் ராவி இடக்கைக்கு மாற்றப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். விறகு மிஞ்சியது.

பழைய சிப்பாய்: ஏர் பிஸ்டல் குழந்தைகளின் பொம்மை. .22-இல் தொடங்கினால்தான் உதைப்பு பழகும்.

இதற்காகவே காத்திருந்தேன் ஐயா. நான் .22-இல் தொடங்கியவன். வெடிச்சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து, விசை விழுவதற்கு முன்பே கை கீழே அமுங்கும் பழக்கம் எனக்குத் தொற்றியது. அதைக் கழற்ற இரண்டு ஆண்டு ஆயிற்று. நான் அறியாமல் ஒருவர் என் மேகசினில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து வைத்தார். அது வந்தபோது வெடிக்கவில்லை. குழல் முனை மட்டும் தரையைப் பார்த்துக் குனிந்தது. வெட்கமாக இருந்தது.

ஏர் பிஸ்டலில் உதைப்பு இல்லாததால் பழி போட வேறொன்றும் இல்லை. அதோடு, பெல்லட்டின் வேகம் நொடிக்குச் சுமார் 150 மீட்டர்தான்; .22 தோட்டா ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் போகிறது. மெதுவான பெல்லட் குழலுக்குள் இருக்கும் நேரம் அதிகம். அந்த நேரத்தில் கை அசைந்தால் இலக்கு அட்டையில் தெரிந்துவிடும். சுட்ட பிறகும் பிடியைத் தளர்த்தாமல் நிற்க அது கற்றுத் தருவதுபோல் .22 தராது.

பழைய சிப்பாய்: இரண்டு ஆண்டு ஆனது உங்கள் பயிற்சியாளரின் குற்றம். என் ஆட்களுக்கு ஆறு வாரம் போதும்.

இருக்கலாம். உங்கள் ஆட்களின் பக்கத்தில் தினமும் நீங்கள் நின்றீர்கள். இங்கே கேட்பவர்களில் பலர் தனியாகப் பழகுகிறார்கள்.

காகிதப்புலி: சிப்பாய் சொல்வது சரி. 25 மீட்டருக்கு ஏர் பிஸ்டல் பழக்கம் உதவாது.

இல்லை. குறிகளைச் சேர்ப்பது, விசையைச் சீராக இழுப்பது, நிற்பது, மூன்றுமே அப்படியே போகும். விசையை இழுக்கத் தேவையான எடைதான் வேறு: 25 மீட்டரில் குறைந்தது 1000 கிராம், ஏர் பிஸ்டலில் 500.

பழைய சிப்பாய்: குண்டில்லாமல் விசை இழுக்கும் பயிற்சி .22-இலும் செய்யலாமே?

இது நல்ல கேள்வி, சண்டைக்கு நடுவில். செய்யலாம். ஆனால் .22-இன் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பது. அறை காலியாக இருந்தால் சில பிஸ்டல்களில் அது குழல் விளிம்பைப் பள்ளமாக்கிவிடும். சுட்டு முடித்த கூட்டையாவது உள்ளே வையுங்கள். உங்கள் ஆட்களுக்கு இதைத்தானே முதலில் சொல்லியிருப்பீர்கள்?

பழைய சிப்பாய்: அதைத்தான் சொல்வேன்.

பிறகென்ன.

மூவர், ஒரே கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் எந்தக் கருவியும் இல்லாமல் வென்றாரே? சிறப்புக் கண்ணாடி எதற்கு?

அவர் சாதாரண மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தார், காதில் அடைப்பான் இருந்தது, வென்றது கலப்பு இரட்டையரில் வெள்ளி. அவர் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்திருந்தது அலட்சியம் அல்ல. அந்தக் கை ஊசலாடாமல் இருக்கப் பலரும் செய்வது. எங்கும் பரவிய அந்தப் படத்தில் தெரியாதது அவருடைய பல ஆண்டுப் பயிற்சி. இதை நான்காவது ஆள் கேட்க வேண்டாம்.

ஒரு தந்தை: மகளுக்குப் பன்னிரண்டு வயது. எது வாங்க?

இப்போது எதுவும் வேண்டாம். கை வளரும், கைப்பிடி சிறிதாகும். பயிற்சிக்கூடத்தின் பிஸ்டலைத் தாங்கியில் வைத்துச் சுடட்டும். ஒவ்வொரு முறையும் சுட்ட பின் கை கழுவச் சொல்லுங்கள், பெல்லட் ஈயம்.

ஒருவர்: வீட்டுப் பாதுகாப்புக்கு?

என் துறை அல்ல.

இன்னொருவர்: எந்த நிறுவனம் சிறந்தது?

மேலே படியுங்கள்.

மற்றொருவர்: எந்த நிறுவனம்...

மேலே.

சிக்கனக்காரர்: ஒன்றைப் பார்த்துவிட்டேன். கைப்பிடி கச்சிதம். கண்ணை மூடிப் பார்த்தேன், ஐந்துக்கு நான்கு முறை நடுவில் நின்றது. சிலிண்டர் தேதியிலிருந்து பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. விற்பவர் "ஒன்றும் ஆகாது" என்கிறார்.

பிஸ்டலை வாங்குங்கள். புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பணம் கொடுங்கள். பழையதை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.