திருத்தந்தை தவறவே மாட்டாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருத்தந்தை (போப்) வழுவா வரம், அதாவது போதனையில் பிழைபடாத வரம், உடையவர் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகக் கலிலியோ தண்டிக்கப்பட்ட விவகாரத்தில் அன்றைய இறையியலாளர்கள் தவறிவிட்டார்கள் என்று 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே ஒப்புக்கொண்டார். அப்படியானால் ரோம் அன்றைக்குத் தவறியிருக்க வேண்டும், இல்லை இன்றைக்குத் தவறியிருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்த நம்பிக்கை உடைகிறதே?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் அது உடைக்கும் நம்பிக்கை, திருச்சபை கற்பிப்பது அன்று. திருத்தந்தை தவறே செய்யாத மனிதர் என்று, ஆயர்கள் (பிஷப்புகள்) கூடி முடிவெடுக்கும் எந்தச் சங்கமும் சொன்னதில்லை. மற்றவர்களைப் போல அவரும் ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். முதல் திருத்தந்தையாகக் கருதப்படும் பேதுருவை அந்தியோக்கியாவில் நேருக்கு நேர் எதிர்த்ததைப் பவுல் கலாத்தியருக்கு ஒளிக்காமல் எழுதினார். அந்தத் திருமுகத்தைத் திருச்சபை இன்றும் வழிபாட்டில் வாசிக்கிறது.

முதலாம் வத்திக்கான் சங்கம் 1870 ஜூலை 18 அன்று அறிவித்தது மிகக் குறுகிய ஒன்று. எல்லாக் கிறிஸ்தவர்களின் மேய்ப்பரும் ஆசிரியரும் என்ற பொறுப்பில் நின்று, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையைத் திருச்சபை முழுவதும் ஏற்க வேண்டும் என்று திருத்தந்தை அறுதியாக வரையறுத்தால், அந்த வரையறை பிழைபடாமல் காக்கப்படும். காக்கப்படுவது தீர்ப்பு, ஆள் அன்று. புதிய போதனையை வெளியிடுவதற்காகத் தூய ஆவியார் வாக்களிக்கப்படவில்லை, அப்போஸ்தலர் வழி வந்ததைக் காப்பதற்காகவே என்றும் அதே ஆவணம் சொல்கிறது. கலிலியோ மீதான 1633ஆம் ஆண்டுத் தீர்ப்போ, விசாரணை மன்றத்தின் கர்தினால்கள் ஒரு மனிதர் மீது வழங்கியது. அன்றைய திருத்தந்தை எட்டாம் உர்பானின் கை அதில் இருந்தது, அநீதி நடந்தது. ஆனால் அது இந்த வகையான வரையறை அன்று.

மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ‘அது வரையறை அன்று’ என்று நழுவிவிடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். திருத்தந்தை 22ஆம் யோவானின் கதையைப் பாருங்கள். நீதிமான்களின் ஆன்மாக்கள்கூட இறுதித் தீர்ப்பு நாள் வரை கடவுளை நேருக்கு நேர் காண்பதில்லை என்று 1331இல், அன்று திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோனில் அவர் பிரசங்கம் செய்தார். பேசியவர் திருத்தந்தை, பேசிய பொருளும் விசுவாசம். பாரிஸ் இறையியலாளர்கள் பணிந்துபோகவில்லை, எதிர்த்தார்கள். தாம் எதையும் தீர்த்துச் சொல்லவில்லை, கருத்தாகவே சொன்னதாக யோவான் பதில் தந்தார். 1334 டிசம்பரில் மரணப் படுக்கையில் கர்தினால்கள் முன்னிலையில் அதைக் கைவிட்டார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் அதற்கு நேர்மாறானதை வரையறுத்தார். கருத்துக்கும் வரையறைக்கும் உள்ள வேறுபாடு 1870இல் அவசரத்துக்குச் செய்யப்பட்டது அன்று என்பதற்கு எனக்கு இது போதும். ஏழாம் நூற்றாண்டுத் திருத்தந்தை முதலாம் ஹொனோரியுஸ் விஷயத்தில் எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம் என்ற கொள்கைக்கு இடம் கொடுத்த தம் கடிதங்களுக்காக, இறந்த பின் 680-681 கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தால் கண்டிக்கப்பட்டவர் அவர். அவை வரையறைகள் அல்ல என்ற பதில் நிற்கிறது, வலியோடு நிற்கிறது.

1870இலும் எல்லோரும் கைதட்டவில்லை. ஜூலை 13 முன்னோட்ட வாக்கெடுப்பில் 451 பேர் ஆதரித்தார்கள், 88 பேர் எதிர்த்தார்கள், 62 பேர் திருத்தங்களோடு ஏற்றார்கள். இறுதி நாளில் 533க்கு 2 என்று ஆனதற்குக் காரணம், எதிர்த்த ஆயர்களில் பலர் அதற்கு முன்பே ரோமை விட்டுக் கிளம்பிவிட்டதுதான்.

அதற்குப் பிறகு அந்த அதிகாரம் ஐயமின்றிப் பயன்பட்டது ஒரே ஒரு முறை: 1950இல் 12ஆம் பயஸ் மரியாவின் விண்ணேற்பை (அவர் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதை) வரையறுத்தபோது. திருத்தந்தையின் வரையறைக்குத் திருச்சபையின் ஒப்புதல் தேவையில்லை என்று சங்கம் சொல்லியிருந்தும், அவர் 1946இலேயே உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு எழுதி அவர்களுடைய கருத்தைக் கேட்டார். இந்த ஒரு செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

விமானத்தில் செய்தியாளர்களிடம் திருத்தந்தை சொன்னதையெல்லாம் வழுவா வாக்காக எடுத்துக்கொள்பவர்கள், திருச்சபைச் சட்டத்தின் 749ஆம் விதியைப் படிக்க வேண்டும். தெளிவாக நிறுவப்படாத வரை எந்தப் போதனையையும் வழுவாமல் வரையறுக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது அது. அதற்காக மற்றதையெல்லாம் தூக்கி எறியலாம் என்று பொருளில்லை. வரையறுக்காத போதனைக்கும் மனமும் அறிவும் இணங்கும் பணிவை இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்கிறது.

உண்மையில் உங்கள் கேள்வி கூர்மையாகக் குத்தும் இடம் கலிலியோ அன்று. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று 1994இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். அந்தக் கடிதம் தனியாக ஒரு வழுவா வரையறை அன்று; ஆனால் அதில் உள்ள போதனை, உலகெங்கும் ஆயர்கள் எப்போதும் கற்பித்து வந்ததால் வழுவாதது என்று 1995இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விளக்கியது. அப்படிச் சொல்லும் அந்த விளக்கம் வழுவாததா என்று இறையியலாளர்கள் கேட்டார்கள். இல்லை என்பதே நேர்மையான பதில். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.