பீரோவைத் துணியோடு ஏற்றலாமா?

கேள்வி: கணவருக்குக் கோவைக்கு மாற்றலாகியிருக்கிறது. மூன்று வாரத்தில் திருச்சி வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டு ஸ்டீல் பீரோ, ஒரு சுவர் அலமாரி நிறையத் துணிகள் இருக்கின்றன. மாமியாரின் பட்டுப்புடவைகளும் அதில் அடக்கம். சாமான் ஏற்ற வருகிறவர், "துணியை எடுக்கவே வேண்டாம், பீரோவைப் பூட்டி அப்படியே ஏற்றிவிடலாம்" என்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். இரண்டு பீரோவையும் காலி செய்துதான் ஏற்ற வேண்டும். துணி பார்க்கத்தான் லேசு. ஐந்து தட்டு நிறைய அடுக்கினால் அதுவே பெரிய பாரம். மாடிப்படியில் பீரோவைச் சாய்த்து இறக்கும்போது அந்தப் பாரமெல்லாம் ஒரு பக்கமாகச் சரியும். தகரம் முறுக்கிக்கொண்டால் கதவு அப்புறம் நேராக மூடாது, பூட்டும் விழாது. தூக்குகிற ஆட்களின் முதுகையும் நினைத்துப் பாருங்கள்.

மூன்று வாரம் இருப்பது நல்லது. ஆனால் இன்றைக்கே பெட்டி வாங்கிப் போட்டு அடுக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் பிரியுங்கள். பெரும்பாலும் அவருடையது, என்னுடையது, பிள்ளைகளுடையது என்று பிரிப்போம். அப்படிக் கட்டினால் போய் இறங்கிய அன்று ஒரு துண்டு எடுக்க நான்கு பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும். கோவையில் எது எப்போது தேவைப்படும் என்று பார்த்துப் பிரியுங்கள். இறங்கிய அன்றே வேண்டியது, அந்த வாரத்துக்குள் வேண்டியது, பண்டிகை வரைக்கும் தொடத் தேவையில்லாதது. கடைசி வகையை இந்த வாரமே கட்டிவிடலாம். முதல் வகை லாரியிலேயே ஏறக்கூடாது. ஆளுக்கு இரண்டு நாள் மாற்றுத்துணி, துண்டு, போர்வை, அலுவலகச் சட்டை, பள்ளிச் சீருடை எல்லாம் உங்களோடு வரும் பையில் இருக்கட்டும். லாரி சொன்ன நேரத்துக்கு வராமல் மறுநாள் வருவதெல்லாம் சகஜம்.

பட்டுப்புடவைக்கு வருகிறேன், இதில்தான் நிதானம் வேண்டும். அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளி. அதன்மேல்தான் தங்க முலாம். வெள்ளி என்பதால் ரப்பரில் இருப்பது போன்ற கந்தகம் பட்டால் கறுத்துப்போகிற சுபாவம் உண்டு. அதனால் ரப்பர் பேண்ட் போடாதீர்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக்கூடாது. அதற்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைக்கலாம். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிவிடும். துவைத்து நன்றாகக் காய்ந்த பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு புடவையையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். சுற்றுமுன் பழைய மடிப்பைப் பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த இடத்தில்தான் விட்டுப்போகும். ரவிக்கையை அந்தந்தப் புடவை மடிப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் பிறகு தேட வேண்டாம். காற்றை உறிஞ்சும் பைகள் கம்பளி, ரஜாய்க்கு நல்லவை, இடம் பாதியாகக் குறையும். பட்டை அதில் போட்டு அழுத்தவே கூடாது.

மாமியாரின் புடவைகளில் எது போகலாம், எது இருக்கலாம் என்பதை அவரையே சொல்லவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுங்கள். அவசரத்தில் நீங்கள் ஒதுக்கிய ஒன்று அவருடைய சீமந்தப் புடவையாக இருக்கலாம்.

மற்ற துணிகளுக்கு நடுத்தர அட்டைப்பெட்டி போதும். கட்டியபின் நீங்களே தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். அடியில் டேப்பை இரண்டு வரிசை ஒட்டுங்கள். ஜீன்ஸ் மாதிரி கனமானதைச் சக்கரம் வைத்த சூட்கேஸில் போடலாம். ஹேங்கரில் இருக்கும் சட்டைகளைக் கழற்றவே வேண்டாம். எட்டுப் பத்தாகச் சேர்த்து கொக்கிகளைக் கயிற்றால் கட்டி, கீழிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை மேலே ஏற்றி முடிந்துவிடுங்கள். ஒரு நாள் பயணத்துக்கு அது போதும். நைந்த காட்டன் புடவைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கண்ணாடிப் பாத்திரம் சுற்ற அதைவிட நல்லது கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேலே எழுதியது தெரியாது.

லாக்கரில் இருக்கும் நகை, பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்புக் எதுவும் லாரியில் போகக்கூடாது. சாமான்களுக்கு இன்சூரன்ஸ் போட்டாலும் நகைக்கும் பணத்துக்கும் பொதுவாக அது பொருந்தாது. பீரோ சாவிகளையும் அதே கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலி பீரோவின் கதவைப் பூட்டி, மேலே பழைய போர்வை சுற்றிக் கயிறு கட்டச் சொல்லுங்கள். டேப்பை நேராக ஒட்டினால் பிரிக்கும்போது பெயின்ட் உரியும். லாரியில் நிற்க வைத்தே ஏற்றட்டும்.

கோவையில் முதலில் பீரோக்களை இறக்கி, இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கதவு சரியாக மூடவில்லையென்றால் பதறாதீர்கள், பெரும்பாலும் தரை சமமாக இருக்காது. எந்தக் கால் ஆடுகிறதோ அதற்கடியில் அட்டையை மடித்துச் செருகிப் பாருங்கள். கதவு சேர்ந்த பிறகு துணியை அடுக்குங்கள்.